கார்க் கூரைமேல் இரட்டைச் சைக்கிள்

எங்கள் கார் சின்னது. அது என் பெயரில் இருக்கிறது, நான்தான் ஓட்டுகிறேன். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. லோதி ரோட்டில் அரசாங்கக் குடியிருப்பு, அலுவலகம் நடந்து போகிற தூரம், எதற்கு என்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சொல்லப்போகும் இந்த விவகாரத்தில், கடைக்காரரிலிருந்து காவலர் வரைக்கும், எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்பது வயதுவரை குடியிருப்பு முழுக்கச் சைக்கிளில் சுற்றியவள். பிறகு விழித்திரை கெட்டுப்போக ஆரம்பித்தது. முதலில் அந்தி நேரத்தில் தெரியவில்லை என்றாள். பின்பு பக்கவாட்டில் தெரியவில்லை. இப்போது வெளிச்சம் தெரியும், எதிரே நிற்பது ஆளா மரமா என்கிற அளவுக்கு உருவம் தெரியும், அவ்வளவுதான். நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரில் மோதிக் கையை உடைத்துக்கொண்ட பிறகு அவளே சைக்கிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கைக்குக் கட்டுப் போட்ட நாளில்கூட அவள் அழவில்லை. சைக்கிளை யாருக்கோ கொடுத்த நாளில் அழுதாள்.

அப்புறம்தான் இரட்டைச் சைக்கிள் வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேரும் மிதிக்கலாம். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் வேலை. சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் வேலை பார்த்த குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார்கள். அதை வாங்கி நானும் கணவரும் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். அவர் பின்னால் உட்கார்ந்து வழி நெடுக, "மெதுவா, மெதுவாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகள் வாசலில் நின்றிருந்தாள். தடவிப் பார்த்தாள். பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "சலோ, போலாம்" என்றாள். அன்றைக்கு நாங்கள் சாப்பிடக்கூட வீட்டுக்குள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில், அந்தப் பெரிய சாலைகள் காலியாக இருக்கும்போது ஓட்டுவோம். அவளைப் போன்ற பிள்ளைகளும் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களும் சேர்ந்த ஒரு சின்னக் குழு இருந்தது. தீபாவளிக்குப் பிறகு தை முடிகிறவரை தில்லியில் வெளியே மூச்சுவிடவே முடியாது. அந்த மாதங்களில் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே சாய்ந்து கிடக்கும், மகள் வீட்டுக்குள் எல்லோரிடமும் எரிந்து விழுவாள். அப்படி ஒரு குளிர்காலம் முடிகிற சமயத்தில் குழுவில் ஒரு யோசனை வந்தது. ஹரித்துவாருக்குக் கீழே கங்கைக் கால்வாயின் கரையோடு சமமான சாலை போகிறது. அங்கே மூன்று நாள் ஓட்டலாம். தங்க இடம் இருக்கிறது. சைக்கிளை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

அந்த 'மட்டும்' என்கிற வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இரட்டைச் சைக்கிள் சாதாரணச் சைக்கிளைவிட ரொம்ப நீளம். காருக்குள்ளே வைத்துப் பார்த்தோம். பின் சீட்டைச் சாய்த்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, முன் சீட்டுக்கு நடுவே ஹேண்டில்பார் வருகிற மாதிரித் திணித்தும் டிக்கி மூடவில்லை. மூடியிருந்தாலும் மகள் உட்கார இடமில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஓய்வு பெற நாள் இருந்தும் பெற்றுவிட்டவர் போலவே பேசுவார். எங்கள்மேல் பிரியம் உள்ளவர்தான்.

"ஏனுங்க, இத்தன சிரமம் எதுக்கு?" என்றார் என் கணவரிடம். "டிக்கியக் கயித்துல கட்டி சைக்கிள் போகட்டும். பாப்பா எங்க வீட்டுல இருந்துக்கட்டும். மூணு நாளுதானுங்களே."

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சார், சைக்கிளே அவளுதுதான்" என்றேன்.

"அது சரிங்க. ஆனா அங்க போயிப் பாப்பா என்னத்தப் பாக்கப் போவுது?"

பாப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு சக்கரத்தோடு. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது பத்து வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கும் மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பார்வை இல்லாதவர்களுக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அன்று முழுவதும் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மூவருமாகக் கரோல்பாகுக்குப் போனோம். காருக்கு வேண்டியது, வேண்டாதது எல்லாம் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும். காரை நிறுத்துவதற்குள்ளேயே நாலு பேர் சீட் கவரோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். சைக்கிள் கேரியர் என்று கேட்டதும் அதிலே மூன்று பேர் போய்விட்டார்கள். நாலாமவர் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நல்ல வியாபாரி. நான் கேட்ட முதல் கேள்விக்கே என் கணவரிடம் பதில் சொன்னார். "சார், இதுதான் எல்லோரும் எடுத்துப் போகிறார்கள்" என்று டிக்கியில் மாட்டுகிற கேரியர் ஒன்றை எடுத்து விரித்தார். வளைந்த கம்பிகள், ஆறு நாடாக்கள், ஒவ்வொரு நாடாவின் முனையிலும் ஒரு கொக்கி. கொக்கிகளை டிக்கிக் கதவின் விளிம்பில் மாட்டி இறுக்கினால் போதும், சைக்கிள் பின்னால் தொங்கும்.

"அண்ணா, எங்களுடையது இரட்டைச் சைக்கிள். இந்தக் காரின் அகலத்தைவிட நீளம். குறுக்காகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்" என்றேன்.

"ஹோ ஜாயேகா, சார்." ஆகிவிடும் என்று அர்த்தம். தில்லியில் எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் இது.

"எப்படி ஆகும்?"

"சார், கொஞ்சம்தான் வெளியே வரும். ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்."

"நம்பர் பிளேட் மறைகிறதே? பின் விளக்கும் மறைகிறது."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் என் கணவரிடம் போய்விட்டார். "சார், மேடம் ரொம்பக் கவலைப்படுகிறார்கள்."

"வண்டி அவங்களோடது. அவங்கதான் ஓட்டுவாங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றார் என் கணவர், அவருடைய மதுரை இந்தியில்.

"ஓட்டட்டும் சார், நல்லதுதான்" என்றார் கடைக்காரர். என்ன நல்லது என்று அவர் சொல்லவில்லை.

பின்னால் வருகிற பஸ்ஸுக்கு என் விளக்கு தெரியாமல் நான் நெடுஞ்சாலையில் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்பது கவலையா, கணக்கா? அதே கேள்வியை ஒரு ஆண் கேட்டிருந்தால் "சார் விஷயம் தெரிந்தவர்" என்று டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

பக்கத்துக் கடையில் வேறு ஒன்று காட்டினார்கள். காரின் அடியில் ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அது பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதில் மேடை மாதிரி ஒன்றை மாட்டி அதன்மேல் சைக்கிளை நிறுத்துவது. உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் காரின் அடிப்பாகத்தில் துளை போட வேண்டும், பற்றவைக்க வேண்டும், அப்படிச் செய்தால் காருக்கான உத்தரவாதம் போய்விடும், எங்காவது பிடித்தால் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும் என்று அந்தக் கடைக்காரரே ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆனால் எல்லோரும் போடுகிறார்கள்" என்றார். அதிலும் குறுக்காகத்தான் நிற்கும். அதிலும் நீட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியில் அவர் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார். "சார், பிரச்சினை கேரியரில் இல்லை. உங்கள் கார் சின்னது. பெரிய வண்டியாக மாற்றுங்கள், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்."

ஒரு சைக்கிளைக் கொண்டுபோவதற்கு லாரி மாதிரி ஒரு காரை வாங்கச் சொல்கிற ஊர் இது. அப்படிப்பட்ட கார்களில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர்களால்தான் என் மகள் மூன்று மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள். இதை நான் உரத்த குரலிலேயே சொன்னேன். தமிழில் சொன்னதால் யாருக்கும் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. "அம்மா, பஸ் கரோ, போதும். வீட்டுக்குப் போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். அவளுடைய போன் எழுத்துகளை வாசித்துக் காட்டும். அது வாசிக்கிற வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. ஒரு மழைச் சத்தம் மாதிரிதான் கேட்கும். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வெளிநாட்டுல எல்லாம் இந்த மாதிரி டேண்டம் சைக்கிள கூரை மேலதான் எடுத்துட்டுப் போறாங்க. முன் சக்கரத்தக் கழட்டிரணும். அந்த ஃபோர்க்க, அதான் சக்கரம் மாட்டுற கவட்டைய, முன்னாடி பார்ல லாக் பண்ணிரணும். அப்ப நீளம் கம்மியாயிரும்ல? பின் சக்கரம் ஒரு நீளமான தட்டுல உட்காரும்."

"கூரைக்கு மேல எப்பிடிடா கண்ணு தூக்குறது?" என்றார் அவர்.

"மூணு பேர் இருக்கோமே?"

யோசித்துப் பார்த்ததில் அதுதான் சரியாகப் பட்டது. கூரையில் வைத்தால் எதுவும் மறையாது. பக்கவாட்டில் எதுவும் நீளாது. டிக்கியில் பைகளும் ஹெல்மெட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் வைத்துக்கொள்ளலாம், பின் சீட் காலியாக இருக்கும். கெடுதல் என்று பார்த்தால் காற்று இழுக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், வண்டியின் உயரத்தை நான் மறக்கக் கூடாது. அவை எனக்கு வரும் கஷ்டங்கள், ரோட்டில் போகிற மற்றவர்களுக்கு அல்ல. அதற்கு நான் தயார்.

காரோடு வந்த புத்தகத்தில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருந்தது. சைக்கிள் எவ்வளவு எடை என்று யாருக்குத் தெரியும்? பழைய பேப்பர் வாங்க வருகிற கபாடிக்காரரைக் கூப்பிட்டோம். அவருடைய தொங்கு தராசின் கொக்கியில் சைக்கிளை மாட்டி, அவரும் என் கணவரும் தூக்கிப் பிடிக்க, நான் எண்ணைப் படித்தேன். அவர் ரொம்ப ஆர்வமாகி, "விற்கிறீர்களா?" என்று கேட்டார். கேரியரின் எடையையும் சேர்த்தால் இரட்டைச் சைக்கிள் ஒன்றுக்குத்தான் இடம். என் கணவரின் சைக்கிளையும் ஏற்றினால் அளவு தாண்டிவிடும். "என்னோடத விட்ருங்க. அங்க யார்கிட்டயாவது வாங்கிக்கிறேன்" என்றார். அவர் அப்படித்தான். அவருக்கு எதையும் விட்டுக்கொடுக்கத் தெரியும். எனக்குத்தான் வராது.

கேரியரை வரவழைத்தோம். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிற நான்கு கால்கள், குறுக்கே இரண்டு கம்பிகள், நீளத்தில் ஒரு தட்டு, கட்டுவதற்கு நாடாக்கள். நாவல் மரத்தடியில் காரை நிறுத்தி, நான் சமையலறை ஸ்டூலில் ஏறி முன்பக்கத்தைப் பிடிக்க, அவர் பின்பக்கத்தைத் தூக்க, நடுவில் மகள் தோளைக் கொடுத்தாள். வைத்த பிறகு காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு நாடாவையும் விரலால் இழுத்துப் பார்த்தாள். பின் நாடா ஒன்று கொஞ்சம் தளர்வு என்றாள், இறுக்கினோம். முன் சக்கரம் மட்டும் மீதம். அதை அவளே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மாடிப் பால்கனிகளில் கூட்டம் கூடிவிட்டது. ஏதோ கல்யாண ஊர்வலத்துக்குக் கார் அலங்காரம் செய்வதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். யமுனையைத் தாண்டும்போது கூரையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பழகிவிட்டது. மகள் பின் சீட்டில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மடக்குக் கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டு கேட்டபடி வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, விரைவுச்சாலையின் நுழைவு வரை.

அங்கே சீருடையில் ஒரு காவலர் நின்றிருந்தார். எங்களுக்கு முன்னால் போன டெம்போவில் கட்டில், பீரோ, அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் இரண்டு பேர். அதை விட்டுவிட்டார். எங்களை ஓரம் கட்டச் சொன்னார். நான் கண்ணாடியை இறக்கினேன். அவர் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் என் கணவரின் கண்ணாடியைத் தட்டினார்.

"சைக்கிளுக்கு இந்த ரோட்டில் அனுமதி இல்லை" என்றார் இந்தியில். நுழைவிலிருந்த பலகையைக் காட்டினார். இரு சக்கர வண்டி, டிராக்டர், சைக்கிள் எல்லாம் வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தது.

நான் குனிந்து அவரிடம் சொன்னேன். "சைக்கிள் ரோட்டில் ஓடவில்லையே. காரின்மேல் இருக்கிறது."

"கார் எங்கே இருக்கிறது? ரோட்டில்தானே?"

"அப்படியானால் லாரியில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு போனால்?"

"அது லாரி."

"அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

அவர் என் கணவரைப் பார்த்து, "சாஹிப், மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டு வாரமாக எனக்குள் சேர்ந்து கிடந்தது எல்லாம் அங்கே வெளியே வந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். "என்னிடம் பேசுங்கள். நான்தான் டிரைவர். என்ன விதி, எங்கே இருக்கிறது, காட்டுங்கள். காட்டினால் அபராதம் கட்டுகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவரும் குரலை உயர்த்தினார். விதியெல்லாம் தனக்குத் தெரியும், சைக்கிளை இறக்கிவிட்டுப் போங்கள் என்றார். எங்கே இறக்குவது? விரைவுச்சாலையின் ஓரத்திலா?

அப்போதுதான் அவர் பின் சீட்டைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண், மடியில் சக்கரம், பக்கத்தில் வெள்ளைக் கோல்.

"இந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாதா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"குறைச்சலாத் தெரியும்" என்றார் அவர்.

"அப்போ சைக்கிள் யாருடையது?"

"என்னோடது" என்றாள் மகள்.

அவர் முகம் மாறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகம் கெட்ட முகம் இல்லை. கண்கூடக் கலங்கியிருக்கும். உச்சுக் கொட்டினார். "பேச்சாரி" என்றார். பாவம் என்று அர்த்தம். கையை ஆட்டினார். "போங்க, போங்க. முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பாவம் பொண்ணு. போங்க."

நான் வந்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் சொன்ன பாவம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனால் போதும் என்றிருந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சாவியைத் திருப்பினேன்.

"அம்மா, வண்டிய எடுக்காத" என்றாள் பின்னாலிருந்து.

"விடும்மா. விட்டுட்டாருல்ல, போயிருவோம்."

"நீ எடுத்தா நான் இறங்கிருவேன்."

சொன்னபடியே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, காரைத் தடவிக்கொண்டே அவர் குரல் வந்த பக்கம் நடந்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்கு இரண்டடி தள்ளி அவள் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. தொட்டிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

அவளுடைய இந்தி என்னுடையதைப் போல இல்லை, இந்த ஊரில் பிறந்தவளின் இந்தி. நிதானமாகப் பேசினாள். "அங்கிள், விதி இருந்தால் எங்களை நிறுத்துங்கள். நாங்கள் திரும்பிப் போகிறோம். விதி இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். பாவம் என்று சொல்லி எங்களை அனுப்பாதீர்கள்."

அவருக்குப் புரியவில்லை. "பேட்டா, நான்தான் போகச் சொல்லிவிட்டேனே."

"ஏன் போகச் சொன்னீர்கள்?"

"அட, உனக்காகத்தான்..."

"எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்தானே? அப்போது என்ன விதி?"

அவர் திரும்பி என் கணவரிடம் முறையிட்டார். "சாஹிப், பாருங்கள். நல்லது செய்யப் போனால் சண்டைக்கு வருகிறார்கள். அம்மாவும் அப்படி, பெண்ணும் அப்படி."

என் கணவர் காரை விட்டு இறங்கினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் பொது இடத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பால்காரரிடம்கூட அவருக்குப் பதிலாக நான்தான் சண்டை போடுவேன். அன்றைக்குக் காருக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!" என்று கத்தினார். பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டார். அதனால் ஒன்றும் குறையவில்லை. அந்தக் காவலர் ஒரு அடி பின்னால் போனார்.

சத்தம் கேட்டு, பக்கத்துக் காவல் கூண்டுக்குள் இருந்த மேலதிகாரி டீ கிளாஸோடு வந்தார். வயதானவர். என்ன விஷயம் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். கையை உயர்த்தி எங்களை நிறுத்திவிட்டு மகளிடம் கேட்டார். அவரே அன்றைக்கு முதல் ஆள், அவளிடம் நேராகக் கேட்டவர். அவள் சொன்னாள். அவர் டீயைக் காரின் பானட்மேல் வைத்துவிட்டு, எம்பி, சைக்கிளின் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். கார்தான் ஆடியது, சைக்கிள் அசையவில்லை.

"யார் கட்டியது?"

"நாங்கள் மூன்று பேரும்" என்றாள்.

"சாமான்தான். கட்டு ஒழுங்காக இருக்கிறது. போகலாம்" என்றார்.

"விதி இல்லைதானே?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லை பேட்டா. அந்தப் பலகை ரோட்டில் ஓட்டுகிற சைக்கிளுக்கு."

"தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அந்த முதல் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பஸ்ஸை நோக்கிப் போய்விட்டார். மன்னிப்பு எதுவும் இல்லை. தான் ஒரு தர்மம் செய்யப்போய் அவமானப்பட்டுவிட்டதாகத்தான் இன்றைக்கும் அவர் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

விரைவுச்சாலை முடிந்ததும் ஒரு தாபாவில் நிறுத்தினேன். என் கணவருக்கு மதியம்வரை குரல் கம்மலாகவே இருந்தது. மகள் முள்ளங்கிப் பராட்டா ஆர்டர் செய்து, தயிரோடு இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, என்னுடையதிலும் பாதியை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"உனக்குக் கோவமே வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. கேட்டுட்டேன்ல. இப்ப பசிக்குது" என்றாள்.

அவளுக்கு அப்படிக் கேட்கவும் முடிகிறது, கேட்டு முடித்ததும் சாப்பிடவும் முடிகிறது. எனக்கு இந்த இரண்டாவது வருவதில்லை. அந்தக் காவலர் எங்களை விதியைச் சொல்லி நிறுத்தியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. விட்டதுதான் வலித்தது. இரண்டு வாரம் ஆராய்ந்து, எடை பார்த்து, நாடா இறுக்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாதபடி செய்த ஏற்பாடு அவர் கண்ணில் படவே இல்லை. அவர் கண்ணில் பட்டது ஒரு கோல்தான். மகளை எத்தனையோ பேர் இப்படி வரிசையில் முன்னால் விட்டிருக்கிறார்கள், கோயிலில் மற்றவர்களைத் தள்ளிவிட்டு வழிவிட்டிருக்கிறார்கள், நானும் நன்றி சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது ஒவ்வொன்றும் எப்படி இருந்திருக்கும் என்று அந்தத் தாபாவில் உட்கார்ந்துதான் யோசித்தேன்.

கால்வாய்க்கரை நாங்கள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ஒரு பக்கம் பச்சை நிறத்தில் வேகமாக ஓடுகிற தண்ணீர், மறுபக்கம் கரும்பு. வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், "அடுத்த ஆலை லெஃப்ட்ல" என்பாள். என் கணவருக்குக் குழுவில் ஒருவர் ஒரு துருப்பிடித்த சைக்கிளைக் கொடுத்தார். அது ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிட்டதால் அவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. "அப்பா, ஜல்தி!" என்று கத்துவாள்.

இரண்டாம் நாள் ஒரு பாலத்தின் ஏற்றத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டரில் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "பின்னால் இருக்கிறவள் சும்மா உட்கார்ந்து வருகிறாள்!" என்று கேலி செய்தார். அவள் காலை நிறுத்தாமல் திருப்பிக் கத்தினாள். "நான்தான் மிதிக்கிறேன்! இவங்கதான் சும்மா வர்றாங்க!" அது உண்மைதான். அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கி, கால் பெடலோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. டிராக்டர்க்காரர் கைதட்டிச் சிரித்தார். அவருக்கு அவள் யார், கண் எப்படி என்பதெல்லாம் தெரியாது. சோம்பேறி என்று மட்டும்தான் நினைத்தார். அந்தச் சிரிப்பை அவள் ரொம்ப நேரம் சொல்லிச் சொல்லி ரசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பினோம். அதே விரைவுச்சாலை, எதிர்ப்பக்க நுழைவு. நான் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை முன்கூட்டியே இறக்கி, சொல்ல வேண்டிய வாக்கியங்களை இந்தியில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அங்கே நின்றிருந்த காவலர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கூரையை ஒரு முறை பார்த்தார், போ என்று கையை ஆட்டினார், பேச்சைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். இந்தப் பக்கம் அது ஒரு விஷயமே இல்லை.

நான் கியரைப் போட்டு ஏறினேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது, என் கணவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா கோவம்? அதான் நிறுத்தலையே."

"அதுக்குத்தான்" என்றேன். "ஒருத்தன் நிறுத்துறான், ஒருத்தன் பாக்கக்கூட மாட்டேங்கிறான். நாம என்ன இவங்க மூடுக்கு ஏத்த மாதிரியா ஊருக்குப் போகணும்?"

அவர் கின்னோ ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளைகளை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.